ஸ்பிரிங் பட்டை கூட்டினால் ஆக்சில் தாங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்கு வண்டியின் பின்சக்கரம் கழன்று ஓடியது என்று செய்தி வந்தால், ஓட்டுநர் நட்டை முறுக்கவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல நேரம் நட்டுகள் முறுக்கியபடியேதான் இருக்கும். அவை மாட்டியிருந்த ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத் தண்டு) முறிந்து, சக்கரத்தோடு சேர்ந்தே வெளியே வந்திருக்கும். ரப்பர் தடி, மீன், எம்-சாண்ட் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறிய வண்டிகள் சுமக்கும் லோடைப் பார்க்கும்போது இதை விளக்க வேண்டியிருக்கிறது.

பின் ஆக்சிலுக்கு இரண்டு வேலை: எடையைத் தாங்குவது, சக்கரத்தைச் சுழற்றுவது. இரண்டையும் ஒரே ஷாஃப்ட் செய்வது செமி ஃப்ளோட்டிங்; சிறிய வண்டிகள் பலவற்றில் இதுதான். அதில் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் வாயில் ஒரு பேரிங்தான். சக்கரம் ஷாஃப்ட்டின் முனைத் தட்டிலேயே மாட்டப்படுகிறது. லாரி, பஸ்ஸில் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங். குழாயின் வெளிப்புறத்தில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளின் மேல் ஹப் (சக்கரம் மாட்டும் நடுக்குடம்) உட்கார்ந்திருக்கும். எடை முழுவதும் குழாய்க்குப் போய்விடுவதால் ஷாஃப்ட்டுக்கு முறுக்குவிசை மட்டுமே. அது முறிந்தாலும் சக்கரம் கழலாது. ஜாக்கி வைக்காமலே ஷாஃப்ட்டை உருவி எடுக்கலாம். இடைப்பட்ட முக்கால் ஃப்ளோட்டிங் இப்போது அரிது.

கண்ணால் பார்த்தே சொல்லலாம். சக்கர நட்டுகளுக்கு நடுவே ஹப் துருத்தி நின்று, அதில் தனியாக ஒரு வட்டம் போல்ட்டுகள் இருந்தால் ஃபுல். நடுவில் ஒன்றுமில்லாமல் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் செமி.

செமி ஃப்ளோட்டிங் மோசமான அமைப்பு அல்ல. சொன்ன எடைக்குள் ஓட்டினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டியதும் வண்டி படுக்காமல் நிற்கிறது, இனி எவ்வளவும் ஏற்றலாம் என்று நினைப்பதில்தான் கேடு தொடங்குகிறது. பட்டை கூடியதே தவிர ஷாஃப்ட்டின் தடிமன் கூடவில்லை. அகல டயருக்காக ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) வைப்பது இன்னும் ஆபத்து. சக்கரத்தின் மேல் 700 கிலோ, டயரின் நடுக்கோடு பேரிங்கிலிருந்து 5 செ.மீ. வெளியே என்று வைத்துக்கொள்வோம்: எடையை மீட்டரில் தூரத்தால் பெருக்கினால் வளைக்கும் விசை 35. 1,000 கிலோ ஏற்றி, தூரத்தையும் 8 செ.மீ. ஆக்கினால் அது 80. லோடு ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, வளைவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் சுமார் 30 கி.மீ.க்குள் 15,000 தடவை. விரிசல் பெரும்பாலும் பேரிங் உட்காரும் இடத்தின் ஓரத்தில் பிடிக்கும். பேரிங்கை நகராமல் பிடிக்கும் பழைய காலர் வளையத்தை உளியால் வெட்டும்போது விழுந்த கீறல் போதும். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகக் கறுத்தும், மீதி சொரசொரப்பாகப் புதிதாகவும் இருந்தால் விரிசல் பல நாள் பழையது. விபத்தை ஆராய்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

குளச்சல், தேங்காப்பட்டணம் மீன் வண்டிகளுக்கு வேறொரு தொல்லை. ஐஸ் உருகிய உப்புநீர் ஆக்சில் மேலேயே சொட்டுகிறது. ஹவுசிங்கின் பிரீதர் துளை (காற்று போய்வரும் துளை) அடைத்துப்போனால், சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் வழியும். ஆறும்போது அதே வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். டிரம்மின் உட்புறம் எண்ணெய்க் கோடு, கியர் ஆயில் பால் நிறம், ஓட்டத்தில் ஒரு முனகல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் லோடு ஏற்றாதீர்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவுகளில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுற்றும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்காதீர்கள். சட்டென்று கல்லில் பிடி கிடைத்தால் அந்த அடி ஷாஃப்ட்டில் விழும். ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸின் பின்னால் பிடிக்கும் வண்டிகளில், ஒரு ஷாஃப்ட் முறிந்தாலே அந்த பிரேக் பயனற்றுப்போகும். ஃபுல் ஃப்ளோட்டிங்கானாலும் வண்டி சரிவில் தானாக உருளும். இறங்குவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

"அரசே எடையைக் கூட்டிவிட்டதே" என்கிறார்கள். நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018-இல் 11.5 டன் ஆனது உண்மை. அது கனரக லாரிக்கான அச்சு. சிறிய வண்டிக்கு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எடைதான் வரம்பு.

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வரும் செமி ஃப்ளோட்டிங் சரக்கு வண்டிகளின் பின்சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் பாருங்கள். கூட்டிய பட்டையும் ஸ்பேசரும் இருந்தால் கழற்றிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சரக்கு வண்டி மெக்கானிக்,
தக்கலை.