எந்த வழியாக அளந்தாய்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி அளித்தது. நீ அனுப்பிய பஸ்பாரின் (பெரிய மின்னோட்டத்தைச் சுமக்கும் செம்புப் பட்டையின்) கணினி மாதிரியை இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். டிசியில் (நேர் மின்னோட்டத்தில்) ஒழுங்காக வந்த மின்னழுத்த வேறுபாடு, 50 ஹெர்ட்ஸ் மாறு மின்னோட்டத்துக்கு மாற்றியதும், மின்புலத்தைத் தொகையிடும் கோடு எங்கே வரையப்படுகிறது என்பதற்கு ஏற்ப மாறுவது ஏன் என்று கேட்டிருந்தாய். மென்பொருள் சரியாகவே கணக்கிடுகிறது. பட்டையின் இரண்டு முனை முகங்களுக்கு இடையே எந்த வழியாக அளப்பது என்பதை மட்டும் நாம் அதற்குச் சொல்லவில்லை.

முதலில் டிசி. 50 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிமனும் கொண்ட செம்புப் பட்டையில் ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 34.5 மைக்ரோ ஓம்; 1000 ஆம்பியர் ஓடினால் இரு முனைகளுக்கும் இடையே 34.5 மில்லிவோல்ட். காந்தப்புலம் மாறாதபோது மின்புலத்தை எந்தக் கோட்டின் வழியே தொகையிட்டாலும் இதே எண்தான் வரும். ஆனாலும் கோட்டுத் தொகையீட்டை விட, இரு எல்லைகளிலும் மின்னழுத்தத்தை நேரடியாக எடுத்துக் கழிப்பதையே நான் விரும்புவேன். மின்புலம் என்பது மின்னழுத்தத்தின் வகைக்கெழு. மெஷ் (கணக்குக்காக மாதிரியைப் பிரிக்கும் வலை) சற்றுப் பெரிய கண்ணிகளாக இருந்தாலும், கூரிய மூலையை ஒட்டிக் கோடு போனாலும், பிழை முதலில் அதில்தான் தெரியும்.

உன் மாதிரியில் மின்னோட்டம் போல்ட்டின் வளையத்தைச் சுற்றித்தான் நுழைகிறது என்பதால், முனை முகம் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லை. அங்கே வெறும் பரப்புச் சராசரியை எடுத்தால், மின்னோட்டமே பாயாத மூலைகளும் கணக்கில் சேர்ந்துவிடும். மின்னோட்ட அடர்த்தியை எடையாக வைத்துச் சராசரி எடு. அப்படிக் கிடைக்கும் இரு எண்களின் வேறுபாட்டை மொத்த மின்னோட்டத்தால் பெருக்கினால், பட்டையில் வெப்பமாகும் திறன் அப்படியே வந்துவிடும்.

இனி 50 ஹெர்ட்ஸ். மாறும் காந்தப்புலம் உள்ள இடத்தில் மூடிய பாதையைச் சுற்றி மின்புலத்தைத் தொகையிட்டால் பூச்சியம் வராது என்பது ஃபாரடே விதி. பட்டையிலிருந்து 5 செ.மீ. தொலைவில், 1000 ஆம்பியருக்குக் காந்தப்புலம் சுமார் 4 மில்லிடெஸ்லா இருக்கும் (திரும்பி வரும் பட்டையைச் சேர்க்காமல்). அங்கே ஒரு மீட்டர் நீளம் ஓடும் அளவுக் கம்பியை ஒரு சென்டிமீட்டர் விலக்கி வைத்தால், கூடுதலாக உள்ளே வரும் பரப்பு 0.01 சதுர மீட்டர். அது மட்டுமே சுமார் 12.6 மில்லிவோல்ட்டைத் தூண்டும். 34.5-க்கு எதிரே இது சிறிய எண் அல்ல. இது மின்தடைப் பங்கிலிருந்து 90 பாகை விலகி நிற்பதால், இரண்டையும் நேராகக் கூட்டவும் கூடாது.

எம்.ஐ.டி.யில் வால்டர் லெவின் 2002-இல் வகுப்பறையில் செய்து காட்டியதும் இதைத்தான். 100 ஓம், 900 ஓம் தடைகள் இரண்டைக் கொண்ட சுற்றின் நடுவே காந்தப் பாயம் மாறி 1 வோல்ட்டைத் தூண்டும்போது, அதே இரு புள்ளிகளில் இணைத்த இரண்டு வோல்ட்மீட்டர்களில் ஒன்று 0.1 வோல்ட்டையும் மற்றது எதிர்க்குறியோடு 0.9 வோல்ட்டையும் காட்டும். இரண்டு அளவீடுகளும் சரியானவை. கம்பிகள் போன வழிதான் வேறு. அன்று விடுதியில் விடிய விடிய வாதிட்டோமே, அப்போது இந்த உதாரணம் கையில் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்போம்.

50 ஹெர்ட்சில் மென்பொருள் மின்புலத்தை இரண்டு பகுதிகளாகக் கணக்கிடுகிறது: ஒன்று ஸ்கேலார் மின்னழுத்தம் (திசையற்ற எண்), மற்றது காந்தப்புலத்தைத் தரும் வெக்டர் பொட்டென்ஷியல் (திசையுள்ளது). அந்த ஸ்கேலார் மின்னழுத்தத்தை இரு முனைகளிலும் எடுத்துக் கழித்து, அதை வோல்ட்மீட்டர் காட்டும் எண் என்று எடுத்துக்கொள்ளாதே. வெக்டர் பொட்டென்ஷியலோடு ஏதேனும் ஒரு சார்பின் சாய்வை (கிரேடியன்ட்) சேர்த்தால் ஸ்கேலார் பகுதியும் மாறிவிடும். புலங்களோ மாறாமல் இருக்கும். அந்த ஒரு பகுதி தனியாக எதையும் அளப்பதில்லை.

உனக்கு வேண்டியது மின்தடை என்றால், மொத்த வெப்ப இழப்பை மின்னோட்டத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பின் (வெப்பத்தைப் பொறுத்தவரை நிகரான டிசி அளவின்) வர்க்கத்தால் வகு, பாதை பற்றிய கேள்வியே எழாது. 50 ஹெர்ட்சில் செம்பின் தோல் ஆழம் (மாறு மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து உள்ளே செல்லும் ஆழம்) சுமார் 9.3 மி.மீ. என்பதால், அது டிசி மதிப்பை விடக் கூடுதலாக வரும். மின்தூண்டலைக் காந்த ஆற்றலிலிருந்து எடுக்கலாம். ஆனால் திரும்பி வரும் பட்டையும் மாதிரிக்குள் இருந்தாக வேண்டும். சோதனைக் கூடத்தின் மீட்டரோடு ஒப்பிடுவதானால், அங்கே கம்பிகளை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்று டேப் வைத்து அளந்து, அதே பாதையில் கோட்டை வரைந்து தொகையிடு. அந்த அளவுகளை எனக்கும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நானும் ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சிவராமன்