எடை சரி, இடுப்பு எவ்வளவு?

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைக்கிற அன்று வர முடியவில்லை, பெரியவன் வீடு மாறிக்கொண்டிருந்தான். குழந்தையைத் தை மாதம் வந்து பார்க்கிறேன்.

நீ கடைசியில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உயரம் 168, எடை 64, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று சொல்லும் பி.எம்.ஐ. எண் 22.7, ரிப்போர்ட்டிலேயே ‘நார்மல்’ என்று அச்சடித்திருக்கிறான். பிறகு ரத்தத்தின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எப்படிக் கூடுதலாக 6.1 வரும், லேபில் ரத்தம் மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை எடுத்துப் பார். ஆனால் ஒல்லியானவனுக்குச் சர்க்கரை வராது என்று மட்டும் நினைக்காதே.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டன்காரர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்குக்குச் சதை எது, கொழுப்பு எது என்று தெரியாது. அதைப் போட்ட பெல்ஜியத்துக் கெட்லே 19-ஆம் நூற்றாண்டின் புள்ளியியல்காரர். சராசரி மனிதனைத் தேடியவர், வைத்தியம் பார்த்தவர் இல்லை.

நமக்குப் பொதுவாகச் சதை குறைவு, இருக்கிற கொழுப்பும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிப் போய் உட்காருகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினை உடம்பு மதிக்கவிடாமல் செய்வது அதுதான். அதனால்தான் அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் உலகத்துக்கு 25, 30 என்று வைத்த பி.எம்.ஐ. எல்லையை நம் நாட்டு மருத்துவர்கள் 23, 25 என்று இறக்கினார்கள். நீ அதற்கும் கீழே. ஆகவே இடுப்பைத்தான் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, தாண்டினால் கவனிக்கணும்.

வேட்டி கட்டுகிற இடத்தில் அளக்காதே, நம் வயசில் அது தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்று. மூச்சைச் சாதாரணமாக விட்டபின் படி. எக்கிக்கொண்டு நிற்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

என் கதை வேறு. பள்ளியிலிருந்தே குண்டன் என்ற பட்டம், 82 கிலோ. டாக்டர் தராசைப் பார்த்துவிட்டே பேச ஆரம்பிக்கிறார், உன் தொப்பையை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எனக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான். 2025-இல் லான்செட் கூட்டிய நிபுணர் குழுவும் பி.எம்.ஐ. மட்டும் போதாது, இடுப்பையும் அளங்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள் என்றுதான் சொன்னது.

பட்டினி மட்டும் கிடக்காதே. ஏற்கெனவே குறைவாக உள்ள சதைதான் கரையும். சோற்றில் ஒரு கரண்டி குறை, சுண்டலோ முட்டையோ சேர். நடப்பதோடு தண்டால், உட்கார்ந்து எழுவது என்று ஏதாவது செய், முழங்கால் ஒத்துழைக்கிற வரை.

அப்புறம், பேத்தி 2.7 கிலோதான் என்று சம்பந்தி வீட்டில் குறைப்பட்டார்களாமே. யாஜ்னிக் குழு புனே கிராமங்களில் எடுத்த கணக்கில் சராசரியே அதுதான். மெலிந்த அந்தக் குழந்தைகளிடமும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. டாக்டர் சரியாக வளர்கிறாள் என்றால் போதும், கொழுகொழுவென்று ஆக்குகிறேன் என்று யாரும் டப்பா மாவைத் திணிக்க வேண்டாம்.

டேப்பில் என்ன வந்தது என்று போனில் சொல். மரகதம் உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்,
ராமு