எருமைநாக்கும் ரவியின் படகும்

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆடி வந்துவிட்டது. கோபப்படாதே. இங்கே எல்லாரும் சுகம்.

நேற்று இங்கே சிங்கப்பூர் தேக்கா சந்தையில் எருமைநாக்கு மீன் கிடந்தது. மீன்கடை மலாய்க்காரர் 'இக்கான் செபலா' என்றார். எனக்கு உன் அம்மா வைக்கும் குழம்பு ஞாபகம். அதன் அறிவியல் பெயரே செட்டோடஸ் எருமெய்தான்! 1801இல், தரங்கம்பாடியிலிருந்து போன மீனுக்கு நம்மவர் சொன்ன பேரையே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். ரவி கடன் வாங்கி இழுவலைப் படகு எடுக்கப் போகிறானாமே. கேட்டதிலிருந்து தூக்கமில்லை. எருமைநாக்கு மாதிரி தட்டைமீன் கடல் தரையோடு கிடப்பது. அடியை வாரிக்கொண்டு போகும் இழுவலையின் மடியில் முதலில் விழுவதும் அதுதான்.

அலாஸ்காவுக்கு மேற்கே பேரிங் கடலில் மஞ்சள்துடுப்பு நாக்குமீனை ஜப்பானும் ரஷ்யாவும் போட்டி போட்டு அள்ளின. 1961இல் மட்டும் 5 லட்சம் டன்னுக்கு மேல். அதோடு சரிந்தது. மீண்டு எழ இருபது வருஷம் போல ஆனது. இன்று இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு கட்டி, கணக்கு எழுத ஆளையும் படகில் ஏற்றி அனுப்புகிறார்கள். உலகத்திலேயே பெரிய தட்டைமீன் தொழில் அது.

கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் கடல்திட்டின் கதைதான் என்னை உலுக்கியது. ஒரே திட்டு, இரண்டு தட்டைமீன். மஞ்சள்வால் மீனுக்கு 1994இல் தடை போட்டார்கள், 1998இல் திரும்பத் திறந்தார்கள். பக்கத்திலேயே கிடந்த பிளேஸ் மீனுக்கும் அதே சமயத்தில்தான் தடை. முப்பது வருஷமாகிறது, இன்னும் திரும்பவில்லை. அதன் பெட்டை முட்டையிடும் பருவத்துக்கு வரவே எட்டு, பத்து வருஷம். அள்ளுகிறவனுக்கு அதுவரை பொறுமை ஏது?

நம் எருமைநாக்கு அவ்வளவு மெதுவாக வளர்வதில்லை, சரி. நமக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. ஆனால் மற்ற நாளில் இத்தனைதான் என்று ஒரு படகுக்கும் அளவில்லையே, செல்வம். மீன் குறைந்தாலும் தவணை குறையாது. நீ வலை போட்ட காலத்தில் ஒரு வாரத்துக்கு எத்தனை கூடை நாக்கு வந்தது, இப்போது எத்தனை? அவனை உட்காரவைத்துச் சொல். நான் சொன்னால் சிங்கப்பூர் மாமா பேச்சு என்பான்.

முன்பணம் கொடுத்துவிட்டானா? மற்றதெல்லாம் பிறகு, அதை மட்டும் உடனே எழுது.

உன்,
காசி