மார்கழிக் குளிரும் ஒற்றை அறை வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்து நாலு நாள் வாடைக்காற்று அடித்தால் போதும், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். அது உறைவது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே. பாட்டில் இருப்பதோ வீட்டுக்குள், அடுப்புக்கு நாலடி தள்ளி. அப்படியென்றால் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் குழந்தையும் கிழவியும் படுத்திருக்கிற அறையே அந்தச் சூட்டுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். சென்னையில் 1905 ஜனவரியில் 13.9 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 18, 19 வந்தாலே வட சென்னையின் ஒற்றை அறை வீடுகள் திணறுகின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல் என்று வெயிலைச் சமாளிக்கவே படாதபாடு படுகிற வீடுகள் அவை. கம்பளி வாங்கி வைக்கிற வழக்கமும் நம்மிடம் இல்லை.

இந்த அளவுக் குளிர் திடகாத்திரமான ஆளை ஒன்றும் செய்துவிடாது. குளிரை விரட்ட அந்த ஓர் அறைக்குள் நாம் செய்கிற காரியங்களில்தான் உயிர் போகிறது. வீட்டு மின்வேலை பார்ப்பவர்களும் தெருத்தெருவாகச் சுகாதாரப் பணிக்குப் போகிறவர்களுமான நாங்கள் அதைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

முதலில் வாட்டர் ஹீட்டர் ராடு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 1000 வாட், 1500 வாட். 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்ப்ஸ் இழுக்கும். செல்போன் சார்ஜர் சொருகுகிற சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்ப்ஸ். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அதன் நுனியில் ராடை மாட்டினால் முதலில் சூடாவது தண்ணீரல்ல, பிளக்கின் பித்தளைக் கால்கள். பிளக் பழுப்பேறியிருந்தால், தொட்டால் சுட்டால், மீன் கருகிய மாதிரி வாடை வந்தால் அந்தப் பாயிண்டில் இனி ராடு போடவே கூடாது. ராடுக்குத் தடித்த மூன்று கால் பிளக்கும், அதற்கென்று 2.5 சதுர எம்.எம். ஒயர் இழுத்த 16 ஆம்ப்ஸ் பாயிண்டும் வேண்டும்.

ராடின் குழாய்க்குள் ஒரு சுருள் கம்பி இருக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். மின்சாரம் வெளியே வராமல் காப்பது அந்தப் பொடிதான். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பத்து நாள் போட்டாலே ராடின்மேல் பழுப்பு வெள்ளையாகப் படலம் கட்டும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் படலத்துக்கு அடியிலேயே தேங்கி, குழாயில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியே ஈரம் பொடிக்குள் இறங்கினால் வாளித் தண்ணீர் முழுக்க மின்சாரம். தண்ணீர் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டாலும் இதே கதிதான். ஆகவே படலத்தைக் கத்தியால் சுரண்டாமல், சுருள் பகுதியை மட்டும் எலுமிச்சைச் சாறோ புளியோ கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். கரும்புள்ளி, உப்பல், விரிசல் எது தெரிந்தாலும் அந்த ராடு போனதுதான். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒயரை வெட்டிவிடுங்கள். இன்னொரு வீட்டுக்கு அது போய்ச் சேரக் கூடாது.

வாளியில் தண்ணீரை நிரப்பி, குறுக்கே ஒரு மரக்குச்சியை வைத்து, பக்கவாட்டிலும் அடியிலும் படாதபடி ராடை அதில் தொங்கவிடுங்கள். ராடில் போட்டிருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் சுவிட்ச். இரும்பு வாளி, அலுமினியக் குண்டான் வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 20 டிகிரி ஏற 1500 வாட் ராடுக்குக் கால் மணி நேரம், 1000 வாட்டுக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் "சூடாகிவிட்டதா" என்று கையை விட்டுப் பார்ப்பதுதான் எமன். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்து ராடை வெளியே எடுத்த பிறகே தண்ணீரைத் தொடலாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் ஏன் போதாது? பழைய வீடுகளில் மின்சாரம் வருகிற ஃபேஸ் கம்பியும் அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியும் இடம் மாறிக் கிடக்கும். அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் ராடில் மின்சாரம் நிற்கும்.

இதைவிடக் கொடுமை எர்த், அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி. மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் ஏராளம். கடற்காற்றின் உப்பு எர்த் குழாயின் கிளாம்பை அரித்து, கம்பி தனியாகத் தொங்குகிற கட்டடங்களும் உண்டு. சிலர் நியூட்ரலில் இருந்தே ஒரு துண்டு ஒயரை இழுத்து எர்த் ஓட்டையில் முறுக்கிவிடுகிறார்கள். வெளியே நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று வீட்டிலுள்ள எல்லா உலோக உடம்பிலும் மின்சாரம் ஏறிவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்தால் முழு வெளிச்சம் வர வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் செத்துவிட்டது. மெயினில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. என்கிற மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் ஒன்று போட்டுவிட்டால், கசிவு ஆளின் வழியாகப் பாயத் தொடங்கியதுமே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதன் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று குடித்தனம் பணம் சேர்த்தாவது போட வேண்டிய பொருள் அது.

உண்மையில் ராடே தேவையில்லை. அடுப்பில் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு 12 லிட்டர் குழாய்த் தண்ணீரில் கலந்தால் 39 டிகிரி வரும்; ஓர் ஆள் குளிக்கத் தாராளம். இதற்கு ஆகும் கேஸ் முப்பது நாற்பது கிராம்தான். வாளியை அடுப்புக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து, பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரை ஊற்றுங்கள். கொதிக்கிற குண்டானைத் தூக்கிக்கொண்டு குறுகலான நடையில் போகும்போதுதான் குறுக்கே ஓடிவருகிற பிள்ளைமேல் கொட்டுகிறது. கொட்டிவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மாவு, இங்க், பற்பசை எதையும் அப்பாதீர்கள். ஆழமான போர் இணைப்புள்ள அடிபம்பு இருக்கிற தெருக்காரர்களுக்கு இன்னொரு வசதி: நிலத்தடித் தண்ணீரின் சூடு வருடம் முழுக்க அதிகம் மாறாது, மாடி டேங்க் தண்ணீர் ஜில்லிடுகிற விடியற்காலையில்கூட அது வெதுவெதுப்பாகவே வரும். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் விடியற்காலையில் குளித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பதினோரு மணி வெயிலில் குளித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது கரி. இஸ்திரி போடுகிறவர்கள் வீட்டில் மிஞ்சிய கரி, பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணிக்கு மூட்டிய தணல் இரண்டும் குளிருக்கு இதம் என்று இரவில் கதவைச் சாத்தி உள்ளே வைக்கப்படுகின்றன. "புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே வைக்கலாம்" என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. புகை வராமல் சிவப்பாகக் கனல்கிற கரிதான் கார்பன் மோனாக்சைடை ஏராளமாகக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கால் துவளுதல், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனத்தல்: இவை தெரிந்தால் சளி, ஜுரம் என்று படுத்துவிடாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் இங்கேயும் அதுவே நடக்கும். குழந்தைக்குச் சாம்பிராணி போட்டே தீர வேண்டுமென்றால் வாசலில் போட்டு, தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே போங்கள். எங்கள் கருத்தில் குழந்தைக்கு அது தேவையே இல்லை.

கொசுவர்த்திச் சுருளும் இதே கணக்கில் சேரும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் இருப்பதற்குச் சமம். ஜன்னலைச் சாத்திய மார்கழி இரவில் வீசிங் உள்ள பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வலை கட்டுங்கள். வலைக்குள் காற்று அசையாததால் கதகதப்பும் கூடும்.

தெளிந்த இரவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். நாலு பேர் படுத்துத் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் இரவில் வெளியாகிற ஈரம் ஏறக்குறைய ஒரு லிட்டர். அதுதான் கூரையின் அடியில் பனித்து விடியற்காலையில் முகத்தில் சொட்டுகிறது. 'ஓட்டை' என்று நினைத்து ஷீட்டைத் தட்டவோ, துளைக்கவோ, தேய்க்கவோ வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும் அரையடி இடைவெளி விட்டுப் பழைய ஃபிளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டுங்கள், இரண்டு முனையும் திறந்திருக்கட்டும். அடுப்புக்கு மேலே, பல்புக்கு அருகே கட்டவே கூடாது. ஃபிளெக்ஸ் சட்டென்று பற்றிக்கொள்ளும். குளிர் பெரும்பாலும் தரை வழியாகத்தான் ஏறுகிறது. பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு அடுக்கு போட்டால் மேலே போர்த்துவதைவிட அதிகப் பலன். காலையில் அட்டையை எடுத்து வெயிலில் சாய்த்து வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரத் துணியை ராத்திரி அறைக்குள் கொடி கட்டிப் போடுவதும் கூடாது. ஜன்னலை ஒரு சாண் திறந்தே வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் புறங்கை இருக்கிறது. குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு வெதுவெதுப்பாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது: சட்டை, குல்லா, காலுறையை ஈரம் பார்த்து மாற்றி, தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திப் பால் கொடுங்கள். வயிறும் காலும் இரண்டுமே சில்லிட்டிருந்தால், பால் குடிக்காமல் சோர்ந்திருந்தால், மார்போடு அணைத்தபடியே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ உடனே போக வேண்டும். வெந்நீர் பாட்டிலைக் குழந்தையின் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். பிறந்து முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்று இந்த மாதத்தில் எல்லா வீட்டிலும் குறை. மாலையில் அரைக்காமல் மதியமே அரைத்து, உப்பைச் சேர்த்துக் கையால் கரைத்து, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வையுங்கள். அடுப்பைச் சிறு தீயில் விட்டு அதன் பக்கத்தில் மாவை வைத்துத் தூங்குவது வேண்டாம்.

போகிக்கு இன்னும் நாள் இருக்கிறது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, அதன்மேல் சூடான காற்று மூடி மாதிரி நிற்கிற காலம் இது. மணலி, எண்ணூர் புகைபோக்கிகளின் புகையே மேலே போக வழியில்லாமல் நம் தெருவில் தங்குகிறது. அதோடு டயரையும் எரித்தால் எங்கே போகும்? 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களே இறங்க முடியாமல் போயின. கடந்த சில ஆண்டுகளாகப் பழைய டயர், துணி, பிளாஸ்டிக்கை மாநகராட்சி தனியே வாங்கிக்கொள்கிறது. தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். குறைந்தபட்ச வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிற நாளெல்லாம், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் ராடு, கரி, கைக்குழந்தை பற்றி ஆறு வரி போடுங்கள். நடைபாதையில் குளிரில் கிடப்பவரைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913-க்கு அழைத்து இரவுக் காப்பகத்துக்குச் சொல்லலாம். அறுந்த கம்பிக்கும் மின்புகாருக்கும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. கேஸ் கசிவுக்கு 1906. இந்த எண்களும் அதே பெட்டியில் வரட்டும். அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு பிளாக்கின் எர்த் குழியையும் ஆண்டுதோறும் கார்த்திகை முடிவதற்குள் தோண்டிப் பார்த்து, கிளாம்பை மாற்றி, சோதித்த தேதியை மீட்டர் பெட்டியின்மேல் பெயிண்டால் எழுதிவைக்க உரிய அதிகாரிகள் உத்தரவிட வேண்டும் என்றும் உங்கள் மூலமாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்பணியாளர்கள், சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081