‘பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்’ என்பது பாதி உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்து வருபவன் நான். புதிய இயந்திரங்களுக்கான மானியம் பற்றிய செய்திகள் அதில் அடிக்கடி வருகின்றன. இருபது, முப்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டர்களைப் பற்றி ஒரு வரியும் காண்பது அரிது. எங்கள் டெல்டாப் பகுதியில் சேற்று உழவின் பெரும்பகுதியை இன்றும் தாங்கி நிற்பவை அந்தப் பழைய வண்டிகளே என்பதால், அவற்றில் மிக அதிகமாகப் பணத்தை விழுங்கும் கிளட்ச் (எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் பாகம்), கியர் கோளாறுகளைப் பற்றி என் சொந்த இழப்பிலிருந்து கற்றதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சம்பா உழவு தொடங்கிய வாரத்தில் என்னுடைய வண்டியில் கியர் போடும்போதெல்லாம் ‘கர்’ரென்று பல் உரசும் சத்தம் வந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, “பிளேட் போயிடுச்சுங்க. எதுக்கும் வண்டியைப் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். டிராக்டருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸுமே ஒன்றோடொன்று கோத்து உடலாக நிற்கின்றன. ஆகவே கிளட்சைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தார், புதிய பிளேட் (கிளட்சின் உராய்வுத் தட்டு) போட்டார், பூட்டினார். மூன்று நாள் உழவு நின்றது. மூன்றாவது வாரம் அதே சத்தம் திரும்பி வந்தது.

அடுத்து வந்தவர் வயதில் மூத்த மெக்கானிக். அவர் சாவியைத் திருப்பவே இல்லை. எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கின. “அப்ப கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு வண்டிக்கடியில் படுத்து, என்னைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி, பெடலிலிருந்து கிளட்ச் வரைக்கும் போகும் இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தார். பெடலையும் கம்பியையும் இணைக்கும் பின் நடுவில் தேய்ந்து இடுப்பு போல் ஒடுங்கியிருந்தது. அதன் துளை முட்டை வடிவமாகிவிட்டது. பெடல் ஷாஃப்ட்டின் புஷ்ஷும் ஆட்டம் கண்டிருந்தது. நான் மிதித்த மிதியில் பாதி இந்த ஆட்டத்திலேயே கரைந்துபோய், மீதிதான் கிளட்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். முன்பு கழற்றிப் போட்ட ‘போன’ பிளேட் இன்னும் என் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. ரிவெட் தலைகளுக்கு மேல் லைனிங் (தட்டின் உராய்வு அடுக்கு) நல்ல கனத்தில் நிற்கிறது.

கியர் சிக்கலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எஞ்சின் ஓடாதபோது கியர் இலகுவாக விழுகிறதா? அணைந்த நிலையில் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் உரசினால் குறை கிளட்ச் பக்கம், அதாவது கிளட்ச் முழுதாகக் ‘கட்’ ஆகவில்லை, மிதித்தும் எஞ்சினிலிருந்து பிரியவில்லை. அணைந்த நிலையிலும் பலமுறை முயன்றும் இறங்காவிட்டால் கியர் லீவர், கியரை நகர்த்தும் ஃபோர்க், அதை இடத்தில் நிறுத்தும் பூட்டுக் குண்டு ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் இருப்பது ஸ்லைடிங் மெஷ் கியர் பாக்ஸ். காரில் இருப்பது போல் பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு அதில் இல்லை. பெடலை மிதித்தவுடனே லீவரைத் தள்ளினால் நல்ல வண்டியிலும் பல் உரசத்தான் செய்யும். எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்து, ஐந்து முதல் பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் மாற வேண்டியது ஓட்டுநரின் அவசரம்; அப்போதும் உரசினால்தான் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இழுக்கிறது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான கோளாறு கிளட்ச் வழுக்குவது. கலப்பை பிடித்தவுடன் எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி நகராமல், கருகிய நாற்றம் வந்தால் அதுதான். ஆளில்லாத சமதரையில் உயர் கியரைப் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. ஒருமுறைக்கு மேல் இதைச் செய்துபார்க்கக் கூடாது, நல்ல லைனிங்கும் கருகிவிடும். பெரும்பாலான வேளைகளில் காரணம் பெடலின் வெறும் ஆட்டத்தில் இருக்கிறது. கையால் அழுத்தும்போது பெடல் எதிர்ப்பில்லாமல் இறங்கும் அந்தத் தூரம் பல பழைய வண்டிகளில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். லைனிங் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அறவே இல்லாமற்போனால் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்சின் நெம்புகோல்களான ஃபிங்கர்களை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும், பிளேட்டும் வழுக்கும். பெடல் மீது காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்கிறது. என் கண் முன்னாலேயே, ‘கட்’ ஆகவில்லை என்று கம்பியை முறுக்கி முறுக்கி ஆட்டத்தை ஒழித்து, ஒரே மாதத்தில் பிளேட்டைக் கருக்கியவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். இதையும் பிரிக்காமலே ஊகிக்க வழி இருக்கிறது. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சில வண்டிகளில் அது அடையாமலிருக்க ஒரு காட்டர் பின் தொங்கும். அங்கே சொட்டும் எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சினின் பின்பக்கச் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்), கறுக்காமல் கொழகொழவென்று இருந்தால் கியர் பாக்ஸ் முன்பக்கச் சீல். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்துக்கு வண்ணம் பூசுவதுதான். சேற்று உழவு செய்வோருக்கு இந்தத் துளை இன்னொரு வகையிலும் முக்கியம். களிமண் அடைத்துவிட்டால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, நடவு முடிந்து வண்டி சும்மா நிற்கும் வாரங்களில் பிளேட் துருவேறி, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த மிதிக்கும் கிளட்ச் பிரியாது. கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால் வண்டி பாய்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. உழவு முடிந்ததும் துளையைக் கம்பியால் குத்திவிட்டு, நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை மிதித்த நிலையில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைப்பது எங்கள் பெரியவர்களின் வழக்கம். கையேடுகளும் அதையேதான் சொல்கின்றன.

சத்தத்தை வைத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பெடலை லேசாக மிதித்தவுடன் கிளம்பும் சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. நியூட்ரலில், கால் எடுத்த நிலையில் கேட்டு, மிதித்தால் நின்றுவிடும் சத்தம் கியர் பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் பேரிங்குடையது. ஒரே ஒரு கியர் மட்டும் சுமையில் நழுவினால் அந்தக் கியரின் பல்லையோ ஃபோர்க்கையோ பார்க்க வேண்டும். பல வண்டிகளில் மேல் மூடியைக் கழற்றினாலே அது தெரிந்துவிடும்.

பிரித்தே தீர வேண்டிய நிலைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அப்படிப் பிரித்தால் ரிலீஸ் பேரிங், உள்ளீட்டு ஷாஃப்ட்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங், இரண்டு சீல்கள் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்து மாற்றிவிடுவதும், இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் ஃபிங்கர்களின் உயரத்தைக் கண்ணளவில் விடாமல் அளவுகோல் வைத்துச் சரிசெய்வதும் அவசியம். பாதி மிதியில் வண்டியும் முழு மிதியில் பி.டி.ஓ.வும் (கருவிகளுக்கு எஞ்சின் விசையைத் தரும் ஷாஃப்ட்) நிற்க வேண்டும் என்ற கணக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

தென்மாநிலங்களுக்கான மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் ஆந்திரத்தில் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் இருக்கிறது. எங்கள் ஊர் ஓட்டுநர்கள் வேலையை விட்டு அவ்வளவு தொலைவு போக மாட்டார்கள். மாநில வேளாண் பொறியியல் துறையினர், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பாக, ஒவ்வொரு வட்டாரத்திலும் பழைய டிராக்டர்களுக்கென்றே ஒரு நாள் முகாம் நடத்தி, பிரித்து வைத்த கிளட்சை ஓட்டுநர்களின் கையில் கொடுத்து விளக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முகாமில் காட்டுவதற்கு நல்ல பிளேட் ஒன்று வேண்டுமென்றால் என் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்.