அது ஏக்கம் இல்லை, சாக்ஸ் மேல் வந்த கோபம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 21-ஐ ஒட்டி உங்கள் இதழில் டவுன் சிண்ட்ரோம் பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதில் சோபாவில் உட்கார்ந்திருப்பவன் என் தம்பி. படத்துக்குக் கீழே "ஏக்கம் ததும்பும் விழிகளோடு ஒரு தெய்வக் குழந்தை" என்று போட்டிருந்தீர்கள். குழந்தைக்கு 37 வயது. படம் எடுக்க வருகிறார்கள் என்று அன்றைக்குக் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தை.

அப்புறம், அது ஏக்கமும் இல்லை. உங்கள் போட்டோகிராபர் ஒரு காலில் மஞ்சள், ஒரு காலில் நீலம் என்று மாற்றி மாற்றி சாக்ஸ் போடச் சொன்னார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று, அதனால்தான் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி, ஐ.நா. 2012 முதல் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறது, குரோமோசோம் பார்க்க சாக்ஸ் மாதிரி இருக்கும் என்று பல ஊர்களில் அன்றைக்கு ஜோடி சேராத சாக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள், இதெல்லாம் எனக்கும் தெரியும், நல்ல யோசனைதான். ஆனால் என் தம்பி கொடியிலிருந்து எடுத்த சாக்ஸை ஜோடி பார்த்து உருட்டி வைக்காமல் ராத்திரி படுக்காத ஆள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னான். அம்மா "ஒரு நிமிசம்தானப்பா" என்று கெஞ்சியதால் போட்டான், முறைத்தான். அந்த முறைப்பைத்தான் நீங்கள் ஏக்கம் என்று அச்சடித்துவிட்டீர்கள்.

வந்த நிருபர் நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் எங்கள் சயான் வீட்டில் இருந்தவர் அம்மாவிடம் பேசினார், என்னிடம் பேசினார், எதிர் வீட்டு மாமாவிடம்கூடப் பேசினார். தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்டாச்சா செல்லம்?" அவனுக்குத் தசை இறுக்கம் குறைவு, வார்த்தை வாயில் உருள நேரம் எடுக்கும், ஒரு வாக்கியம் முடிக்க நமக்கு ஆகிற நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆகும். சாப்பிட்டதைச் சொல்லிவிட்டுக் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் அவர் அம்மா பக்கம் திரும்பிவிட்டார். கட்டுரையில் "பேச்சு சரியாக வராது" என்று இருக்கிறது. வரும், கொஞ்சம் நில்லுங்கள்.

நின்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று சொல்கிறேன். மாட்டுங்காவில் ஒரு காபிப்பொடிக் கடையில் 11 வருடமாகப் பொட்டலம் ஒட்டுகிறான், லேபிள் கோணினால் பிரித்து மறுபடி ஒட்டுவான், முதலாளிக்கே அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. சயானிலிருந்து மாட்டுங்கா ஒரே ஒரு ஸ்டேஷன், தனியாகத்தான் லோக்கலில் போய் வருகிறான். "புடீல் ஸ்டேஷன் மாட்டுங்கா" என்று அந்த அறிவிப்புக் குரலை அப்படியே பேசிக் காட்டுவான். சம்பளத்தில் பாதி அம்மாவுக்கு, மீதி அவன் பீரோவில், எவ்வளவு என்று எனக்கே தெரியாது. மும்பை இந்தியன்ஸ் தோற்ற ராத்திரி அவனிடம் யாரும் பேச முடியாது. எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவர்கள், கோபமே தெரியாதவர்கள் என்று எழுதியிருந்தீர்களே, ஐ.பி.எல். சீசனில் ஒருநாள் வந்து பாருங்கள்.

இதையெல்லாம் சாதனை என்று எழுதச் சொல்லவில்லை. ஒரு ஸ்டேஷன் ரயிலில் போவது சாதனை இல்லை, அவன் வேலைக்குப் போகிறான், அவ்வளவுதான்.

சரி, தகவல் பிழைகளுக்கு வருகிறேன். "மங்கோலிசம் எனப்படும் இந்த நோய்" என்று இருந்தது. மங்கோலியா நாடு கேட்டுக்கொண்டதால் உலக சுகாதார நிறுவனம் 1965-லேயே கைவிட்ட சொல் அது. தம்பி பிறந்தபோது ஒரு டாக்டர் அம்மாவிடம் "மங்கோல் பேபி" என்று சொல்லிவிட்டுப் போனாராம், அப்போதே அது காலாவதியான வார்த்தை. நோயும் இல்லை, மருந்து போட்டு ஆற்றுகிற விஷயம் இல்லை, பிறக்கும்போதே இருக்கிற குரோமோசோம் நிலை. தைராய்டு, இதயக் கோளாறு எல்லாம் கூடவே வரலாம், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. என் தம்பி தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறான், நம் வீடுகளில் பாதி அத்தைமார் போடுகிற அதே மாத்திரை. இன்னொன்று, பெயரில் இருக்கிற "டவுன்" 1866-இல் இதை விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். கீழே என்ற அர்த்தம் இல்லை. எங்கள் சொந்தக்காரர்களிலேயே பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால்" என்ற வரிதான் எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல். அம்மா சொந்த அத்தை மகனைக் கட்டியவள். தம்பி பிறந்த நாளிலிருந்து திருநெல்வேலியில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒருத்தி பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் ஆபத்து கூடுவது வேறு வகை மரபுக் கோளாறுகளுக்கு. இது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஒரு ஜோடி குரோமோசோம் பிரியாமல் போவதால் நடப்பது, யார் செய்த தப்பும் இல்லை. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் அம்மாவுக்கு அப்போது 24 வயது. அந்தப் பேச்செல்லாம் ஓய்ந்து பல வருடம் ஆன பிறகு உங்கள் இதழ் அதை அச்சில் போட்டிருக்கிறது.

அடுத்தது ஆயுள். இதழ் வந்த அன்று அம்மா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டுரையைச் சத்தமாக வாசித்தாள், தன் படம் வந்திருக்கிறதென்று அவனுக்கு சாக்ஸ் கோபத்தையும் மீறி ஒரு பெருமை. "இவர்களின் ஆயுட்காலம் 25 வயது வரையே" என்ற இடம் வந்ததும் தண்ணீர் குடிப்பதுபோல் நிறுத்திவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினாள். அவன் விரல் வரிமேலேயே இருந்தது. "ஏன் விட்டுட்டே?" என்றான். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சராசரி அப்படி இருந்தது, இதய அறுவை சிகிச்சையும் சரியான கவனிப்பும் கிடைக்க ஆரம்பித்த பிறகு அங்கே இன்று 60 வயதை ஒட்டி இருக்கிறது. 37 வயதுக்காரனின் படத்தைப் போட்டு, அதன் கீழேயே 25-தான் என்று எழுதும்போது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

சினிமாவை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை என்று இப்போது தோன்றுகிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றிச் சில நெறிகள் சொன்னது, கேலிப் பொருளாகவும் காட்டாதே, அசாத்திய வீரர்களாகவும் காட்டாதே, அவர்களையும் கலந்து ஆலோசி என்று. 2025-இல் நம்ம ஊர் ஆர்.எஸ். பிரசன்னா இயக்கிய 'சித்தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தில், ஸ்பானிஷ் படத்தின் மறு ஆக்கம்தான், அந்தக் கூடைப்பந்து அணியாக டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் தாங்களே நடித்தார்கள். கதை என்னவோ கோச் திருந்துகிற கதைதான், எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தம்பியைக் கூட்டிப்போனேன். இடைவேளையில் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேட்டது: "அவங்களுக்கு சம்பளம் எவ்வளவுக்கா?" எந்த விமர்சனத்திலும் நான் பார்க்காத கேள்வி.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் சித்தப்பா மகள் கல்யாணத்தில் அவன் ஆடியதை மொபைலில் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். "கள்ளமில்லா உள்ளம்" என்று நான்தான் தலைப்பும் வைத்தேன். அது எங்கெங்கோ போயிற்று, லைக் குவிந்தது, எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. ஒரு வாரம் கழித்து சயான் ஸ்டேஷனில் நாலு பையன்கள் அவனைச் சுற்றி நின்று "நாச் கே திகா", ஆடிக் காட்டு என்றிருக்கிறார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தவன் என்னிடம் சொன்னது, "நீ என்ட்ட கேக்கலை." வீடியோவை எடுத்துவிட்டேன், ஆனால் அதை ஏற்கனவே இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் போய் யார் கேட்பது? அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவன் ஆடவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன், இரண்டு நாள் ஆயிற்று. ஒரு சம்பவத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். ஆடிய கதை இருக்கட்டும் என்றான். பெயர் வேண்டாம் என்றதும் அவன்தான். கடை பெயரைப் போடு, வியாபாரம் ஆகும் என்றான், விளம்பரம் என்று நீங்கள் வெட்டிவிடுவீர்கள் என்று சொல்லி ஒருவழியாகச் சமாதானம் செய்தேன்.

பிழைகளுக்குத் திருத்தம் போடுங்கள், முக்கியமாக அந்த 25-க்கும் அத்தை மகன் விஷயத்துக்கும். மறுபடி அவனைப் பற்றி எழுதுவதாக இருந்தால் நிருபரிடம் நம்பர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பான், அவனிடமே கேட்கலாம். வேறு வேலை வைத்துக்கொண்டு வர வேண்டாம், அவன் பேசி முடிக்க நேரம் ஆகும். இந்தத் தடவை கறுப்பு சாக்ஸ், இரண்டும் கறுப்பு என்று சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான், மும்பை