திகதி போடாத தாள்

தர்மபுரம்,
கிளிநொச்சி.
12.10.2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கனடாவில், ஹமில்டனில் உங்கள் இரும்பு ஆலையில் ஆட்குறைப்பு வரப்போகுது என்று போன மாதம் நீ சொன்னதில் இருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. இந்த வயதில் எங்கே போய் இன்னொரு வேலை கேட்பாய்? ஒருவரையும் நிப்பாட்டாமல் எல்லாருக்கும் கிழமைக்கு நாலு நாள் வேலை, ஐந்தாம் நாளுக்கு அரசாங்கத்தின் வேலையின்மைக் காப்புறுதியில் இருந்து சம்பளத்தின் 55 வீதம் என்று நீ எழுதியிருந்த இடத்தில்தான் மூச்சு வந்தது. முதலாளி, தொழிலாளர், அரசாங்கம் மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டும் என்பதையும், கூடினது 38 கிழமை என்று இருந்த எல்லையை இந்த அமெரிக்க வரிப் பிரச்சினைக்காக 76 ஆக்கியதையும் இங்கே இரண்டு மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன்.

அதே அமெரிக்க வரிதான் இங்கேயும் வந்தது. உங்கள் இரும்புக்கு 50 வீதம். இலங்கைச் சாமானுக்கு ஏப்ரலில் 44 என்றார்கள், ஜூலையில் 30, ஓகஸ்டில் 20. எங்கள் தைத்த உடுப்பை வாங்குவதில் அமெரிக்காதான் முதலிடம். அங்கே ஓடர் குறைந்தால் தர்மபுரத்தில் ஒரு வீட்டில் உலை கொதிக்காது.

அந்த வீடு எங்கள் அக்கா வீடுதான். நீ நாட்டை விட்டுப் போகும்போது கைக்குழந்தையாக இருந்தாளே, கடைசிப் பிள்ளை, அவளுக்கு இப்ப 29 வயது. ஏழு வருடமாக ஒரு கார்மென்ட்ஸில் வேலை. விடிய ஐந்தரைக்கு மதகடியில் போய் நிற்பாள், பஸ் வந்து ஏற்றும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளையும் இன்னும் கொஞ்சப் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்களாம். கையெழுத்து வைத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவோம் என்று சொன்னார்களாம். இவள் மாமாவிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சோற்றுப் பெட்டிப் பைக்குள் நாலாய் மடித்துக் கொண்டுவந்தாள். ஒரு மூலையில் பருப்பு ஊறி மஞ்சளாக இருந்தது. சிங்களத்தில் மூன்று வரி: 'என் சொந்த விருப்பத்தில் வேலையில் இருந்து விலகுகிறேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு. திகதி போடவேண்டிய இடம் வெறுமை.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். அந்தத் தாளைப் பார்த்தவுடன் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்ன சொல்கிறது? 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிப்பாட்டுவதென்றால், ஒன்றில் அந்த ஆள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகம் அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுத்தால் நட்டஈடும் சேர்ந்து வரும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு பதினாலாம் வருடம் வரைக்கும் இரண்டு மாதம். இவளின் ஏழு வருடத்துக்கு பதினாறரை மாதம். 30,000 சம்பளத்துக்கு 495,000 ரூபாய். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சட்டம் கிட்டவும் வராது, சட்டப்படி மிஞ்சுவது வருடத்துக்கு அரை மாதம் என்ற பணிக்கொடை 105,000 மட்டும். அதுவும் எப்படியும் அவளுக்கு உரியது. மூன்று வரிக்கு எவ்வளவு விலை பார்த்தாயா?

அவள் கையெழுத்து வைக்கவில்லை. திங்கட்கிழமை மதகடியில் பஸ் நின்றது. ஏறப்போனவளிடம் பட்டியலில் பெயர் இல்லை என்றார்களாம். கனபேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்கூட்டி லீசிங் கட்டவேண்டும், நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பான், இரண்டு மாதச் சம்பளம் கையில் என்றால் யார்தான் யோசிப்பார்கள்? எங்கள் நாட்டில் வேலை போன அடுத்த மாதம் சாப்பிட ஒரு காப்புறுதி இல்லையே. ஊழியர் சேமலாப நிதியில் அவளின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதாமாதம் போய்க் கிடக்கிறது, 50 வயது வரைக்கும் எடுக்க ஏலாது. கல்யாணம் முடித்து வேலையை விட்டால் எடுக்கலாம். அக்கா அதற்காகவே மாப்பிள்ளை பார்க்க வெளிக்கிட்டுவிட்டாள். பிள்ளை அன்று இரவு முழுக்க அழுதாள். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் முதலாளி போட்ட 3 வீதத்தை வேலை விட்டால் எடுக்கலாம் என்பதால் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணத்துக்குப் போ என்கிறார்கள் சிலர். அது வீட்டின் வறுமையை அளந்து கொடுப்பது. போன மாதம் வேலை போனதை அது எங்கே கண்டுபிடிக்கும்?

ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்கவேண்டும் என்பதால் அவளைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். விசாரணைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டால் இரவு பஸ்ஸில் நானும் கூடப் போவேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வட்டக்கச்சியில் பதினொரு பெண்களை வைத்துத் தையல் நடத்துகிற ஒரு பிள்ளை இருக்கிறாள். பெரிய இடத்தில் இருந்து வெட்டிய துணி வரும், இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். இப்ப துணி வருவதில்லை. போன கிழமை போய்ப் பார்த்தேன். மெஷின்களைப் பழைய சீலையால் மூடிக் கட்டியிருக்கிறாள். ஓகஸ்ட் சம்பளத்தைத் தன் சங்கிலியை அடைவு வைத்துத்தான் கொடுத்தாளாம். நான் மேலே சொன்ன சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் 15 பேரில்தான் தொடங்குகின்றன. அந்தப் பதினொரு பேரும் தொழில் நியாயசபைக்குப் போகலாம், ஆனால் யாருக்கு எதிராகப் போவது? அவளும் அவர்களோடு இருந்துதான் அழுகிறாள்.

கொரோனா நேரம் ஒருக்கால் செய்து காட்டினார்கள் மச்சான். 2020 மே மாதம் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்றும் இருந்து கதைத்து, வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது என்று முடிவெடுத்தன. காசு முதலாளியின் பையில் இருந்துதான். முதலாளிமாருக்கு மத்திய வங்கியின் திட்டத்தில் 4 வீத வட்டிக்குக் கடன் வந்தது. வட்டக்கச்சிப் பிள்ளையும் போய்க் கேட்டாள். ஈட்டுக்குக் காணி உறுதி எங்கே என்று வங்கியில் கேட்டார்கள். எங்கள் குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு உறுதி ஏது, பெர்மிட்தானே? வெறுங்கையோடு வந்தாள்.

அதனால்தான் உன் ஐந்தாம் நாள் சம்பளம் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இங்கே சட்டம் வேலை போன பிறகு கணக்குப் பார்க்கிறது, பாரம் முழுக்க ஒரு முதலாளியின் தலையில். பெரியவன் தாளை நீட்டித் தப்புகிறான், சின்னவள் சங்கிலியை அடைவு வைக்கிறாள். உங்கள் இடத்தில் வேலை போகமுன்னமே மூன்று பேர் தோள் கொடுக்கிறார்கள். மாதாமாதம் சிறுகச் சேர்த்து எங்களுக்கும் அப்படி ஒரு நிதி இருந்தால் அந்தப் பதினொரு பெண்களும் கிழமைக்கு மூன்று நாளாவது மெஷினில் இருப்பார்கள். இதை நான் விடப்போவதில்லை. சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்துக் கதைக்கப் போகிறோம்.

நீங்கள் கையெழுத்து வைத்த அந்தப் படிவத்தின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு. ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை, நான் இருந்து தமிழாக்குவேன். கூட்டத்தில் கையில் வைத்துக் காட்டவேண்டும்.

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. விதைப்புக்கு வயலை உழுதுவிட்டுக் காத்திருக்கிறோம். நாலு நாள் வேலை என்று மிச்ச நாளில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, முழங்காலைக் கவனி. மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் பழைய வாங்குத் தோழன்